பின்னால் நிற்கத் தெரிந்தவர்

என் அக்கா புருஷனைத் தெருவில் எல்லாரும் கிரேன் என்றுதான் சொல்வார்கள். யார் வீட்டிலாவது பீரோவை நகர்த்த வேண்டும், ஃப்ரிட்ஜை மாடிக்கு ஏற்ற வேண்டும், சேற்றில் மாட்டிக்கொண்ட ஸ்கூட்டரை வெளியே எடுக்க வேண்டும் என்றால் முதலில் மாமாவைத்தான் தேடுவார்கள். அவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்துவிடுவார். தூக்கி வைத்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தை கேட்பதற்காகவே தூக்குகிறாரோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம் உண்டு.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். என் உடம்பில் வளர்ந்த சதை என்று ஒன்று இருந்தால் அது நாக்குதான். எனக்கும் மாமாவுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். ஆனால் சண்டை போட்ட மறுநாளே ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு போகிற ஏழாம் பொருத்தம்.

இவ்வளவு பெரிய ஆள் என்ன வேலை பார்த்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பல்செட் செய்யும் வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறு மாதிரி மெழுகை வளைத்து, அதில் அரிசிமணி போன்ற பற்களை ஒவ்வொன்றாக ஊன்றி நிமிர்த்த வேண்டும். ஜன்னலோரம் ஒரு ஸ்டூல், ஒரு ஸ்பிரிட் விளக்கு, நாலைந்து சின்னக் கத்திகள். அந்த ஸ்டூலில் மாமா உட்கார்ந்தால் ஸ்டூலே தெரியாது. ஜிம்மில் இரும்பு பிடித்துப் பிடித்து உள்ளங்கையெல்லாம் காய்த்திருக்கும். காய்ப்பு இருந்தால் மெழுகின் மேடு பள்ளம் விரலுக்குத் தெரியாது என்பதற்காக, தினமும் காலையில் உப்புத்தாளால் கையைத் தேய்த்துக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார். "இந்தக் கை பல்லு கட்டுற கையா, பல்ல உடைக்கிற கையா?" என்று முதலாளி கேலி செய்வாராம்.

ஆறு மணி ஆனால் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு நேரே ஜிம்முக்குப் போய்விடுவார். ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. கீழிருந்து ரப்பர் வாடையும் மேலிருந்து வேர்வை வாடையும் படிக்கட்டில் சந்தித்துக்கொள்ளும். கல்யாணத்துக்கு முன்பே பிடித்த பழக்கம் அது. ஞாயிற்றுக்கிழமை தவிர அக்கா ஒரு மாலையைக்கூட அவரோடு கழித்ததில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்று, கைதட்டல் எல்லாம் ஓய்ந்த பிறகு, வேர்த்து விறுவிறுத்து வந்து கடைசி வரிசையில் நின்றார். தண்ணி அடிக்கிறவர் என்றால் திட்டலாம், சீட்டாடுகிறவர் என்றால் சண்டை போடலாம். உடம்பைப் பார்த்துக்கொள்கிற மனுஷனை என்னவென்று திட்டுவது? அக்கா தட்டைப் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிடப் பழகிவிட்டாள்.

அந்த மகள் பிறக்க அக்காவுக்கு வலி எடுத்த சாயங்காலம் அவரைக் கூப்பிட நான்தான் ஓடினேன். அன்றுதான் அந்த ஜிம்மை முதல்முறை பார்த்தேன். ஒரு பெஞ்சில் மல்லாந்து படுத்து, பக்கத்து பேங்க் குமாஸ்தா ஒருவர் கனமான கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளிக்கொண்டிருந்தார். அவர் தலைமாட்டில் மாமா நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் கம்பிக்கு அடியில், ஆனால் கம்பியில் படாமல்.

"மாமா, அக்காவுக்கு வலி எடுத்திருச்சு!"

"வந்துட்டேன் மாப்ள. ஒரு நிமிஷம், இவர் முடிக்கட்டும்."

"முடிக்கட்டுமா? உங்களுக்குக் குழந்தை பொறக்கப் போகுது!"

"இப்ப நகர்ந்தா கம்பி இவர் கழுத்துல விழும்யா."

குமாஸ்தாவின் கை வெடவெடவென்று ஆடியது. முகம் செக்கச் செவேலென்று ஆனது. மாமாவின் கை அசையவே இல்லை. கம்பி எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தது. அப்புறம்தான் சட்டையை எடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தார். "பின்னால நிக்கிறதுன்னு அதுக்குப் பேரு மாப்ள. கை கிட்டவே இருக்கணும், ஆனா தொடக்கூடாது. தொட்டுட்டா அது அவன் தூக்கினதா ஆகாது. அவன் நடுங்குவான், முக்குவான், பாக்குற நமக்குப் பதறும். பொறுத்துக்கணும். நெஜமாவே விழப் போகுதுன்னா மட்டும்தான் பிடிக்கணும். அவசரப்பட்டுப் பிடிச்சோம்னா, அவனுக்கு பலம் வளரவே வளராது."

பெண்டாட்டி பிரசவத்துக்குப் போகிறவன் பேசுகிற பேச்சா இது என்று அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பின்னால் நிற்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று பிறகு பலபேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புதிதாக வருகிற பையன்கள்கூட, பெரிய எடையைத் தொடுவதென்றால் அவர் வரும்வரை காத்திருப்பார்களாம்.

வீட்டில் கதை வேறு. வீட்டில் அவர் வாயில் வருகிற முதல் வார்த்தை, "இங்க குடு." அக்கா கடையிலிருந்து பையோடு வந்தால் வாசலிலேயே, "இங்க குடு." தண்ணீர் வாளியைத் தொட்டால், "இங்க குடு." அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், துவைத்த துணிக்கூடை, தூங்கிப்போன குழந்தை, எல்லாவற்றுக்கும் அதே வார்த்தை. அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் கனமான சாமான் எதுவும் இடம் மாறாது. அவர் வரும்வரை அப்படியே கிடக்கும்.

கல்யாணமான புதிதில் அக்கா அவரிடம் கேட்டிருக்கிறாள். "நானும் ஒரு நாள் அங்க வந்து பாக்கறேங்க. அப்படி என்னதான் இருக்கு அங்க?"

"அங்கயா? ஒரே வேர்வை நாத்தம். உனக்கெதுக்கு அதெல்லாம்? தூக்கத்தான் நான் இருக்கேன்ல?"

இதை அக்கா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எங்கள் வீட்டில் அரிசி மூட்டையை அவள்தான் தூக்குவாள். நான் கதவைத் திறந்துவிடுவேன்.

வருஷங்கள் போயின. மகள் கல்யாணமாகி வெளியூர் போனாள். மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஜிம்மிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. அவர் வயதுக்காரர்களுக்கெல்லாம் சர்க்கரை, பிரஷர், மூச்சிரைப்பு. அவருக்கு ஒன்றும் கிடையாது. மாத்திரை டப்பா இல்லாத ஒரே வீடு அவர் வீடுதான் என்று நான் வயிறெரிந்திருக்கிறேன். ஆனால் இரும்பு சும்மா விட்டுவிடவில்லை. ஒரு முறை குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். இடுப்புக்குப் பெல்ட். வலது தோள்பட்டையைச் சுழற்றினால் மண்ணை மெல்லுகிற மாதிரி நறநறவென்று சத்தம் வரும். சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழைத்து, அப்புறம் உடம்பைத் திருப்பி, ஒரு வித்தை காட்டித்தான் போட முடியும். முதுகு அரித்தால் கதவு நிலையில் போய்த் தேய்த்துக்கொள்வார். பெஞ்சில் படுத்துத் தூக்குவதை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். "ரெண்டு நாள் போகலன்னா பைத்தியம் பிடிச்சிரும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு அன்று மாலையே போனார்.

அப்புறம் அக்கா விழுந்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை. சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள், கால் தடுமாறியது, உட்கார்ந்த மாதிரிதான் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்த பிறகு, இந்தச் சின்ன அடிக்கு இப்படி முறியக் கூடாதே என்று டாக்டர் எலும்பின் கெட்டியைப் பார்க்க ஒரு படம் எடுக்கச் சொன்னார். உங்களுக்கும் வயசாச்சே என்று கூட வந்த மாமாவுக்கும் எடுக்கச் சொன்னார். இரண்டு ரிப்போர்ட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சக்கர நாற்காலியில் அக்கா, பக்கத்தில் மாமா, பின்னால் நான்.

"சார், உங்க எலும்பு நடுத்தர வயசுக்காரன் எலும்பு மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். மாமா நெஞ்சை நிமிர்த்திச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க முடியாது.

"அம்மாவுக்கு ரொம்பத் தேஞ்சிருக்கு. வயசான பொம்பளைங்களுக்குத் தேயறது சகஜம்தான். ஆனா இது அதிகம். ரெண்டு பேரும் ஒரே வீடு, ஒரே சாப்பாடு. எலும்புன்னா அது சொகத்துல வளராது சார், சொமையிலதான் இறுகும். அம்மா வீட்ல கனமா ஏதாவது தூக்குவாங்களா?"

அக்காதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். அதுவும் எப்படி, முகமெல்லாம் பெருமையாக. "இவர் விடவே மாட்டார் டாக்டர். ஒரு வாளி தண்ணி தூக்க விட்டதில்ல."

டாக்டர் ரிப்போர்ட்டை மடித்தார். மாமாவின் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

இதோடு புத்தி வந்திருக்க வேண்டுமா இல்லையா? வரவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபி பெண் வந்தாள். சின்ன வயசு, கறார் பேர்வழி. "வாக்கரைப் பிடிச்சுத் தினம் நடக்க வைங்க சார். வலிக்குதுன்னு சொல்வாங்க, நடுங்குவாங்க. விட்டுறாதீங்க. இப்ப நடக்கலன்னா கால் சதை கரைஞ்சிரும். இந்த வயசுல போனா திரும்ப வராது." மாமா மண்டையை மண்டையை ஆட்டினார். இதையேதான் வாழ்நாள் முழுக்க ஜிம்முக்கு வருகிறவனுக்கெல்லாம் சொன்னவர் அவர்.

மறுநாள் காலை அக்கா வாக்கரைப் பிடித்து எழுந்தாள். கால் வெடவெடவென்று ஆடியது. முகம் சிவந்தது. "ஐயோ" என்றாள். அவ்வளவுதான். மாமா ஒரே அள்ளாக அள்ளிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தார். அன்றிலிருந்து கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கு, பாத்ரூமிலிருந்து பால்கனிக்கு, எல்லாப் பயணமும் அவர் கையில்தான். ஜிம்முக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். எதற்காக இத்தனை வருஷம் தூக்கினோம் என்பதற்குக் கடைசியில் அர்த்தம் கிடைத்துவிட்ட மாதிரி முகத்தில் ஒரு களை.

வாக்கர் மூலையில் நின்றது. அதன்மேல் துண்டு காயப்போட ஆரம்பித்தார்கள்.

நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "மாமா, உங்களுக்கு அறிவிருக்கா? அவ கால் குச்சி மாதிரி ஆயிட்டிருக்கு. நீங்க பாக்கலயா?"

"அவ வலியில துடிக்கிறதப் பாத்துட்டு நிக்கச் சொல்றியா? நீ பேசுவ. உனக்கு அக்காதான, எனக்குப் பொண்டாட்டிடா."

அவர் மாத்திரை வாங்கப் போன நேரம் பார்த்து அக்காவிடம் போனேன். "நீயாவது சொல்லக்கூடாதா அக்கா? நான் நடக்கறேன், விடுங்கன்னு?"

அக்கா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். மருந்துக் கடைப் பக்கம் மாமா போய்க்கொண்டிருந்தது தெரிந்தது.

"இத்தன வருஷமா அந்த இரும்பத்தான்டா தூக்கினாரு" என்றாள். "இப்பத்தான் என் முறை வந்திருக்கு. கொஞ்ச நாள் விடேன்."

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கேட்ட கொஞ்ச நாள், மாதக்கணக்கில் நீண்டது. பிசியோ பெண் ஒவ்வொரு முறை வரும்போதும் தொடையில் டேப் சுற்றி அளப்பாள். முகம் இறுகும். ஒரு நாள், "நான் வந்து என்ன சார் பிரயோஜனம்?" என்று நேராகவே கேட்டாள். மாமா அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பி வைத்தார்.

அப்படி இருக்கும்போதுதான் அக்காவுக்கு அந்த ஆசை வந்தது. "என்னங்க, அந்த ஜிம்ம ஒரு தடவ பாக்கணும். இப்பவாவது கூட்டிட்டுப் போங்களேன்."

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டையை அந்த வித்தை காட்டிப் போட்டுக்கொண்டார். வாடகை வண்டி வந்ததும் வீட்டு மாடிப்படியில் அக்காவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். டயர் கடை வாசலில் இறங்கினோம். மேலே இரண்டு மாடி. அக்காவின் செருப்பும் மடக்கிய வாக்கரும் என் கையில், அக்கா அவர் கையில். "சார், நாங்க ரெண்டு பேரு பிடிக்கட்டுமா?" என்று டயர் கடைப் பையன்கள் கேட்டார்கள். "இவ்வளவுதானா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே மாமா ஏறினார். அக்கா வெட்கப்பட்டாள். அந்த வயதில் அவள் வெட்கப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

முதல் மாடி ஏறினோம். அடுத்த மாடிக்குத் திரும்புகிற இடத்தில், பழைய துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். மாமாவின் வலது கை அப்படியே தொங்கியது. அக்கா சரிந்தாள். மாமா இடது கையாலும் நெஞ்சாலும் அவளை அணைத்துக்கொண்டு, முட்டி இரண்டும் படியில் மோத, மண்டிபோட்டு விழுந்தார். அவளைக் கீழே விடவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும்.

மூன்று பேரும் படியில் உட்கார்ந்திருந்தோம். மாமா தொங்கிய கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்தச் சத்தத்துக்காகவா தினம் வந்தீங்க?" என்றாள் அக்கா.

மாமா தலையாட்டினார்.

விழுந்த சத்தம் கேட்டு மேலேயிருந்து பையன்கள் ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும், "அம்மா, நாங்க மேல தூக்கிட்டுப் போறோம், ஒரு நிமிஷம்" என்றார்கள். அக்கா மாமாவின் தொங்கிய கையைப் பார்த்தாள்.

"வேணாம்பா. கீழ கொண்டு போய் விடுங்க."

தோள்பட்டையைப் பார்த்த டாக்டர், உள்ளே இருக்கிற தசைநார் பல வருஷமாகத் தேய்ந்து நைந்து போயிருக்கிறது, நைந்த துணியில் தையல் நிற்காது, ஆபரேஷன் செய்தும் பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டார். வலி குறையும், பலம் வராது. இனிமேல் கனம் எதுவும் கூடாது.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் மாமா கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு வாய்வரை வந்த வசவு ஒரு வண்டி இருந்தது. அவர்தான் முதலில் பேசினார்.

"எத்தன பேருக்குப் பின்னால நின்னிருப்பேன் மாப்ள. ஒருத்தன் கம்பியக்கூட அவசரப்பட்டுத் தொட்டதில்ல. இவ ஒருத்திய மட்டும் ஒரு பையக்கூட தூக்க விடாம..."

அதற்குமேல் அழுகைதான் வந்தது. அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. வசவெல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது. நானும் அழுதேன்.

இப்போது மூலையிலிருந்த வாக்கர் வெளியே வந்துவிட்டது. பிசியோ பெண் மறுபடி வருகிறாள். வீட்டுக்குள் நாலு எட்டு நடக்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், படி இறங்குவது இனி நடக்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அவர்கள் வீடு இருப்பது மாடியில். அதாவது அக்கா இனித் தெருவில் கால் வைக்கப் போவதில்லை. ஜன்னல் வழியாகத்தான் தெரு. என் மனைவிக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். அரிசி மூட்டை தூக்கியவள் இன்றைக்கும் ஓடிப்போய் பஸ் பிடிக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அக்காவின் ஞாபகம்தான் வருகிறது.

போன வாரம் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். பையை சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். அக்கா நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தாள். ஒரு கையில் வாக்கர், இன்னொரு கையால் பையை எடுத்தாள். சமையலறை மேடையில் கொண்டு போய் வைக்க வேண்டுமாம்.

"இங்க குடு" என்று மாமா எழுந்துவிட்டார். பழக்க தோஷம்.

"மாட்டேன்" என்றாள் அக்கா.

மாமா நின்றார். நான் எழுந்திருக்கப் போனேன், கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். பிறகு அக்காவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வலது கை உயராது. இடது கையை மட்டும் அவள் இடுப்புக்குக் கிட்டே வைத்துக்கொண்டார், படாமல். அவள் ஒரு அடி வைத்தாள். அவரும் ஒரு அடி வைத்தார். பை ஆடியது. அக்காவின் கால் வெடவெடத்தது, கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. மாமாவின் விரல்கள் துடித்தன.

"தொடாதீங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

"தொடல. நீ போ."

பை மேடைமேல் போய் உட்கார்ந்தது. அக்கா மேடையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். குரலில் கோபம் இல்லை, எதையோ கேட்க மறந்துபோய் இப்போது கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இப்படி முன்னாடியே நின்னிருக்கலாம்லங்க?"

நீட்டிய இடது கையை மாமா இன்னும் எடுக்கவில்லை.